மண்ணடியில் அடித்த 1914-ஆம் வருஷத்துப் பேப்பர்

“பத்திரிகை அடிக்கணும்” என்று போய் நின்றேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்றார். கல்யாணம் இல்லை ஐயா, செய்தித்தாள், அதுவும் 1914-ஆம் வருஷத்துச் செய்தித்தாள் என்று புரியவைப்பதற்குள் வாங்கி வந்த டீ ஆறிவிட்டது. புரிந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. “எழுத்து பழசா, புதுசா?”

மண்ணடி மெட்ரோவில் இறங்கி இரண்டு சந்து உள்ளே போனால் வரும் அச்சகம். பெயர் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். “இதெல்லாம் எழுதிப் போட்டு பத்து பேரு வந்து நின்னா நான் இன்னாபா பண்றது, எனக்கு பில் புக்கு வேல இருக்கு.” அதுவும் நியாயம்தான். ஆள் ஒருத்தர், பையன் ஒருத்தன், ஒரு மினி ஆஃப்செட், மூலையில் ஒரு பழைய டிரெடில், அதாவது ஈய எழுத்தில் அடிக்கிற அந்தக் கால அச்சு மிஷின். டிரெடிலில் இப்போது நம்பர் அடிப்பதும் பில் புத்தகத்தில் தாள் கிழிக்க வசதியாகத் துளைவரி (பெர்ஃபரேஷன்) போடுவதும்தான் நடக்கிறது.

எதற்கு இதெல்லாம் என்றால், நாங்கள் ஆறு பேர் மாதம் இரண்டு சனிக்கிழமை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடுகிறோம். ஒருத்தர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, இக்கட்டான இடத்தில் பகடை உருட்டுவார்கள். நடத்துகிறவன் நான். 1981-ல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட கால் ஆஃப் கதுலு மாதிரியான துப்பறியும் ஆட்டங்களில் செய்தித்தாள் துணுக்கை நிஜமாகவே ஆட்டக்காரர் கையில் கொடுப்பது பழைய வழக்கம். “பேப்பரில் இப்படிப் போட்டிருக்கிறது” என்று நான் வாயால் சொல்வதற்கும், அவர்களே பிரித்து, தேடி, விளக்கடியில் பிடித்துப் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

இந்த முறை கதை எம்டன். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நம்ம துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை. ஹைகோர்ட் மதிலில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘அவன் பெரிய எம்டன்பா’ என்று மட்டும் இன்னும் சொல்கிறோம்.

முதலில் வீட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் செய்து பார்த்தேன். ஏ3 தாள், லேசர் பிரிண்ட், வீட்டுக்கு வந்து டீ டிகாஷனில் முக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். இணையத்தில் எல்லோரும் சொல்லித்தருகிற வழி. காய்ந்ததும் தாள் அப்பளம் மாதிரி நெளிந்தது, லேசர் எழுத்து மட்டும் நனையாமல் பளபளவென்று மேலே நின்றது, மொத்தத்தில் செய்தித்தாள் மாதிரி இல்லை, புதையல் வரைபடம் மாதிரி இருந்தது. பின்பக்கம் வேறு வெள்ளை. எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இன்னாடா, அந்தக் காலத்துல ஒரு பக்கம்தான் பேப்பரா?” என்றான். அதற்குமேல் அந்த ராத்திரி ஆட்டத்தில் யாருக்கும் பயமே வரவில்லை.

சரி, எழுத்துக்கு வருவோம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் ணை, லை, ளை, னை நாலுக்கும் முன்னால் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி இருக்கும், ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் இல்லாமல் எழுத்தோடு சேர்ந்த கொக்கி இருக்கும். பெரியார் 1935-லேயே குடி அரசில் இன்று நாம் எழுதுகிற மாதிரி மாற்றிவிட்டார், மற்ற பத்திரிகைகள் பெரும்பாலும் பழையபடியே அடித்தன. இது சின்ன விஷயம் இல்லை. பேப்பர் தலையில் ‘விலை அரையணா’ என்று போட வேண்டும், அதில் லையும் ணாவும் இரண்டுமே பழைய வடிவம். ‘சென்னை’ என்ற ஊர்ப்பெயரிலேயே னை உட்கார்ந்திருக்கிறது. யூனிகோடில் இந்த எழுத்துகளுக்குத் தனி இடம் கிடையாது, எழுத்துரு எப்படி வரைகிறதோ அப்படித்தான் வரும். அதனால் சாதாரண எழுத்துருவில் அடித்தால் நீங்கள் என்ன டீயில் முக்கினாலும் அது 1978-க்குப் பிந்தைய பேப்பர்தான். அச்சகத்துப் பையன் தன் கம்ப்யூட்டரில் பழைய வடிவம் உள்ள எழுத்துரு ஒன்றை வைத்திருந்தான், உள்பக்கச் செய்தி முழுக்க அதில்தான்.

தலைப்புக்குத்தான் பெரியவர் ஒரு காரியம் செய்தார். டிரெடிலுக்குப் பின்னால் ஒரு மர கேஸை இழுத்தார், அதற்குள் ஈய எழுத்து. மற்றதெல்லாம் எடைக்குப் போட்டாயிற்றாம், இந்தத் தலைப்பு எழுத்து கேஸ் ஒன்றை மட்டும் மனசு வராமல் வைத்திருக்கிறார். நான் எழுதிக்கொண்டு போன தலைப்பு இரண்டு வரி: ‘சென்னையில் எம்டன் குண்டுமாரி’, கீழே ‘சென்னைவாசிகள் ஓட்டம்’. அவர் விரலால் துழாவி ஒரே ஒரு னை எடுத்தார். இன்னொன்று இருந்தது, தும்பிக்கை உடைந்திருந்தது. “ஒரு சென்னதான் இருக்கு. ரெண்டாவது சென்னய மாத்திக் குடு.” உட்கார்ந்து யோசித்து ‘பட்டணவாசிகள் ஓட்டம்’ என்று மாற்றினேன். மாற்றின பிறகுதான் தெரிந்தது, அந்தக் காலத்து ஆள் எழுதியிருந்தால் முதலிலேயே அப்படித்தான் எழுதியிருப்பான். கேஸில் எழுத்து பற்றாமல் போனதே நல்லதாயிற்று.

அச்சுக் கோத்ததை ஸ்டிக்கிலிருந்து எடுத்து, ஃபிரேமில் கட்டை வைத்து இறுக்கி, கையால் மை தடவி ஒரு புரூஃப் போட்டுக் காட்டினார். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து பின்பக்கம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. ஓரத்தில் மை கொஞ்சம் பிதுங்கி எழுத்துக்கு ஒரு கறுப்புக் கோடு கட்டினாற்போல இருந்தது. லேசரில் தலைகீழாக நின்றாலும் இது வராது.

நான் எழுதிக் கொடுத்த செய்தியில் தப்புகளும் பிடித்தார். ‘முதல் உலகப் போர்’ என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன். “ரெண்டாவது வரும்னு அப்பவே தெரியுமா?” என்றார். ‘ஐரோப்பிய யுத்தம்’ ஆக்கினோம். ஒரு விளம்பரத்தில் முகவரி பழக்க தோஷத்தில் ‘சென்னை 600 001’ என்று வந்திருந்தது, பின்கோடு வந்ததே 1972-ல். தேதி வரியில் ஆனந்த ௵ புரட்டாசி ௴ என்று வருஷத்துக்கும் மாதத்துக்கும் பழைய குறியீடு போடச் சொன்னதும் அவர்தான். வரி முடிவில் சொல் உடைந்தால் கோடு போடாமல் அப்படியே அடுத்த வரிக்குத் தள்ளச் சொன்னார், பழைய தமிழ்ப் பேப்பர்களில் அப்படித்தான். முதல் பக்கத்தில் விளம்பரம் நிறைய வைத்தது மட்டும் என் யோசனை. தி ஹிந்து 1958 வரைக்கும் முதல் பக்கத்தில் விளம்பரம்தான் போட்டது, அதனால் பெரிய தலைப்பு முதல் பக்கத்தில் வருவதே கொஞ்சம் சலுகைதான். ஆட்டத்துக்காக அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதம். 1867-ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி (2024-ல் அது போய்ப் புதுச் சட்டம் வந்துவிட்டது) அடித்தவர் பெயரும் இடமும் தாளில் இருந்தாக வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. பொய்ப் பேப்பரில் தன் பெயரும் போட முடியாது, போடாமலும் மனசு ஒப்பாது. கடைசியில் நாலாம் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ‘விளையாட்டுக்காக அச்சிட்டது’ என்று ஒரு வரி போட்டுச் சமாதானம் ஆனார். எனக்கும் அது சரி என்றே பட்டது, இந்தக் காலத்தில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

தாள் நியூஸ்பிரிண்ட். கிரவுன் அளவு, அதாவது 15-க்கு 20 அங்குலம், நடுவில் மடித்தால் நாலு பக்கம். நிஜச் செய்தித்தாளை விடச் சின்னதுதான், ஆனால் மேஜையில் ஆறு பேர் பிரித்துப் படிக்க இதுதான் வசதி. பழுப்பாக்குவது பற்றிக் கேட்டேன். “அன்னிக்கு வந்த பேப்பர் அன்னிக்கே பழுப்பா இருக்குமா தம்பி?” என்றார். யோசித்துப் பாருங்கள், எங்கள் கதை நடப்பதே 1914 செப்டம்பரில், பாத்திரங்கள் காலையில் வாங்குகிற பேப்பர் அது. இத்தனை வருஷமாக டீயில் முக்கிக்கொண்டிருந்த எனக்கு இது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஒரே ஒரு பிரதி மட்டும் பிறகு ஒரு டிரங்குப் பெட்டியில் கிடைப்பதாகக் கதை, அதற்கு அவர் சொன்ன வழி: கட்டோடு மொட்டை மாடியில் வைத்து மேலே செங்கல் வை, நாலு வெயில் போதும். நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் இருக்கிற லிக்னின் வெயிலும் காற்றும் பட்டால் தானாகவே மஞ்சளாகும், கட்டாக இருப்பதால் ஓரம் மட்டும் பழுத்து நடு வெளுப்பாகவே நிற்கும். பழைய பேப்பர் அப்படித்தான் பழுக்கும், டீயில் முக்கினது மாதிரி ஒரே சீராக இல்லை. மடிப்பை நகத்தால் நாலு தடவை தேய்த்தேன், அவ்வளவுதான்.

இனி குறைகள். ஒரு வாரம் என்று சொன்னது 18 நாள் ஆனது. நடுவில் யாரோ ஒரு கட்சிக்காரரின் நோட்டீஸ், அப்புறம் கரண்ட், அப்புறம் பையன் ஊருக்குப் போய்விட்டான். போன் எடுக்க மாட்டார், நேரில்தான் போக வேண்டும், போனால் டீ வாங்கித் தந்து அனுப்பிவிடுவார். முதல் தடவை அடித்ததில் உள்பக்கம் தலைகீழாக விழுந்திருந்தது. தாளைத் திருப்பிப் போடும்போது மாற்றிப் போட்டிருக்கிறான் பையன். திரும்ப அடித்துத் தந்தார், காசு கேட்கவில்லை, ஆனால் நான் டம்மி (எந்தப் பக்கம் எங்கே வரும் என்று காட்டுகிற மாதிரித் தாள்) மடித்துக் கொடுக்காததுதான் காரணம் என்று மூன்று முறை சொன்னார். டம்மி மடித்துக் கொடுங்கள், நான் சொல்லிவிட்டேன். மை முழுதாகக் காய்வதற்குள் கட்டியதால் ஏழெட்டுப் பிரதிகளில் எதிர்ப்பக்கத்து எழுத்து நிழலாக ஒட்டியிருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். படம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். கப்பல் படம் ஒன்று பிளாக் (படத்துக்கான அச்சுக் கட்டை) செய்து போடலாம் என்றேன், பிளாக் செலவு தனி என்றார், விட்டுவிட்டேன்.

காசு: மொத்தம் 4,300 ரூபாய், ரொக்கம் மட்டும். நூறு பிரதிக்குக் குறைந்து மிஷினை ஓட்ட மாட்டார். எனக்கு வேண்டியது ஏழு. ஒரு பிரதிக்கு 43 ரூபாய் என்று கணக்குப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்ளலாம், எனக்கு அது 614 ரூபாய் என்பது வீட்டில் தெரியாமல் இருந்தால் சரி.

ஆட்டத்தன்று ஆளுக்கொரு பேப்பர் கொடுத்தேன். ஒருத்திக்குப் பழைய லை பிடிபடவில்லை, எழுத்துக்கூட்டிப் படித்தாள், அவள் படிக்கப் படிக்க மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். துப்பு தலைப்பில் இல்லை, நாலாம் பக்கத்து ரங்கூன் கப்பல் விளம்பரத்தில் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகு போன தடவை பின்பக்கத்தைக் கிண்டல் செய்தவனே, முறுக்குத் தட்டை எடுக்கப்போன இடத்தில் பேப்பரைத் திருப்பி, “இரு இரு, இந்தக் கப்பல் கிளம்பற தேதியப் பாரு” என்றான். அப்புறம் பகடையை யாரும் தொடவில்லை, நாலு பேரும் ஒரே தாளுக்கு மேல் குனிந்திருந்தார்கள்.

மிச்சம் 93 பிரதி. அம்மா சமையலறை ஷெல்ஃபில் விரிக்கக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் கொருக்குப்பேட்டையில் எண்ணெய் டெர்மினல் இருக்கிறது, சைரன் கேட்டாலே வாசலுக்கு வருகிறவர் அவர். மறுநாள் காலையில் பருப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார். “டேய், ஆயில் டாங்கு எரிஞ்சுதுன்னு போட்டிருக்கான். எப்போடா? நம்ம டாங்கா?”