பிரிஸ்டல் கிரேட் பிரிட்டன் கப்பல்: முதலில் அடியில் போய்ப் பாருங்கள்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் போகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் இடம், துறைமுக ஓரத்தில் இருக்கும் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் கப்பல் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் மேல்தளத்துக்கு ஏறத்தான் தோன்றும். வேண்டாம், நேராகக் கீழே உலர்துறைக்கு, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலை நிறுத்தியிருக்கும் பள்ளத்துக்கு, இறங்குங்கள். இந்தக் கப்பலைக் கட்டி, 1843-ல் வெள்ளோட்டம் விட்டது இதே துறையில்தான்.

கப்பலைச் சுற்றிக் கண்ணாடி பதித்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். இரும்பில் ஊறிப்போன கடல் உப்பு, ஈரம் பட்டால் மிச்சத்தையும் அரித்துவிடும். தகடுகள் செதில் செதிலாக உரிந்து, அங்கங்கே ஓட்டை விழுந்து நிற்கின்றன. பக்கவாட்டில் ஒரு பெரிய வெடிப்பு. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாக்லாந்துத் தீவிலிருந்து மீட்டபோது, ஊர்க்காரர்களிடம் பழைய மெத்தைகளை வாங்கி அதில்தான் திணித்து அடைத்தார்களாம்! அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பொறியாளர் புரூனல் வடிவமைத்த கப்பல் இது. இரும்பு உடலும், தண்ணீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளும் திருகு விசிறியும் கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெரிய பயணிகள் கப்பல். 1846-ல் அயர்லாந்தின் டண்ட்ரம் விரிகுடாவில் தரைதட்டி ஏறக்குறைய ஒரு வருடம் அலையில் அடிபட்டும் உடையவில்லை. ஆனால் கப்பலை நடத்திய கம்பெனி நொடித்துப்போனது. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறுபவர்களைச் சுமந்தது. 1857 கிளர்ச்சியின்போது பம்பாய்க்குப் படையை இறக்கியதும் இதே கப்பல்தான். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் அதை மறக்க வேண்டியதில்லை. 1861-ல் ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகப் போன இங்கிலாந்து கிரிக்கெட் அணியும் இதில்தான் போனது. 1886-ல் புயலில் அடிபட்டு ஃபாக்லாந்தில் ஒதுங்கி, கம்பளியும் நிலக்கரியும் போடும் கிடங்கானது. 1937-ல் ஆழமில்லாத கரையோரத்தில் மூழ்கவிட்டார்கள். 1970-ல் மிதவைமேல் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

மேலே முதல் வகுப்புச் சாப்பாட்டுக் கூடம் பளபளவென்று இருக்கிறது, சரி. எனக்குப் பிடித்தது ஏழைப் பயணிகளின் படுக்கை அடுக்குகள்தான். ஒரு பக்கம் புரண்டால் பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் இடிக்கும் அகலம். அதில் இரண்டு மாதம் போயிருக்கிறார்கள்!

குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம். அரை நாளாவது ஒதுக்குங்கள். ஊருக்குள்ளிருந்து துறைமுகப் படகு பிடித்தால் கப்பலுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.