வட்ஸ்அப், வைபர், டெலிகிராம், சிக்னல்: யாழ்ப்பாணத்துப் போனில் எது இருக்கலாம், எதற்கு?

யாழ்ப்பாணத்தில் யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் இந்த நாலில் குறைந்தது மூன்று இருக்கும். ரொறன்ரோ மாமியோடு கதைக்க வைபர். வீட்டுக் குறூப், கோயில் பரிபாலன சபைக் குறூப், பழைய மாணவர் குறூப் எல்லாம் வட்ஸ்அப்பில். உயர்தரம் எடுக்கிற பிள்ளைக்கு பாஸ்பேப்பரும் ரியூசன் நோட்ஸும் வருவது டெலிகிராமில். சிக்னலை கம்பஸ் பிள்ளைகளிடமும் பத்திரிகைக்காரரிடமும்தான் அதிகம் காணலாம்.

எது பாதுகாப்பு என்று கேட்டால் "எல்லாத்திலயும் என்கிரிப்ஷன் இருக்குத்தானே" என்பார் ஒருவர். "ஒண்டும் பாதுகாப்பில்லை, எல்லாத்தையும் அமெரிக்காக்காரன் பாக்கிறான்" என்பார் பக்கத்தில் இருப்பவர். சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கப் போனால் இரண்டு கட்சியையும் பார்க்கலாம். இரண்டு பேர் சொல்வதும் பிழை. இந்த நாலுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதே நேரம், நமக்கு இங்கே தலையிடி தருவது பெரும்பாலும் அந்த வித்தியாசமே இல்லை.

முதலில் பூட்டுச் சமாசாரம், அதாவது அந்த என்கிரிப்ஷன். அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவரைத் தவிர, நடுவில் இருக்கும் கம்பனியாலும் வாசிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவதைத்தான் முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்கிறார்கள். சிக்னலில் அது எப்போதும் உண்டு. வட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாருக்கும் கொண்டுவந்தது, அதுவும் சிக்னல்காரர் எழுதிய அதே பூட்டு முறையை வைத்துத்தான். வைபரும் அதே மாதம் அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் வைபரின் 'கம்யூனிட்டி' என்ற பெரிய குழுக்களுக்கு இந்தப் பூட்டு இல்லை.

டெலிகிராமில்தான் ஆட்கள் ஏமாறுவது. ரஷ்ய அரசோடு மல்லுக்கட்டி நாட்டை விட்டுப் போனவர் அதன் முதலாளி பாவெல் துரோவ். அந்தக் கதையை வைத்தே 'இதுதான் நாலிலும் பத்திரமானது' என்று ஒரு பேர் பரவிவிட்டது. உண்மையில் டெலிகிராமில் நீங்கள் சாதாரணமாக அனுப்பும் செய்தி கம்பனியின் சேர்வரில், கம்பனி திறக்கக்கூடிய பூட்டோடுதான் இருக்கிறது. முழுப் பூட்டு வேண்டுமென்றால் அந்த ஆளின் பெயரைத் தட்டி, மூன்று புள்ளியை அழுத்தி, 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்க வேண்டும். அது தொடங்கிய போனில் மட்டும்தான் திறக்கும். குறூப்புக்கு அந்த வசதி அறவே இல்லை. டெலிகிராம் குறூப்பில் அரசியல் கதைத்துவிட்டு 'இது என்கிரிப்ட் ஆனது' என்று நிம்மதியாகப் படுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயம் வருகிறது.

சரி, பூட்டு இருக்கட்டும். யார் யாரோடு, எப்போது கதைத்தார்கள் என்ற பதிவு கம்பனியிடம் எவ்வளவு இருக்கிறது? இதற்கு அமெரிக்காவின் மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யே ஒரு நல்ல ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. எந்த ஆப்பிடம் என்ன கேட்டு வாங்கலாம் என்று தன் அதிகாரிகளுக்காக 2021 ஜனவரியில் தயாரித்த குறிப்பு அது. அதே ஆண்டு கடைசியில் தகவல் அறியும் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. உரிய கட்டளையோடு போனால் யார் யாருக்குச் செய்தி அனுப்பினார் என்ற விபரத்தை வட்ஸ்அப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் என்று அதில் இருக்கிறது. வைபர் கொடுப்பது பதிவு விபரம், ஐ.பி. முகவரி (எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் இலக்கம்), எந்த இலக்கத்திலிருந்து எந்த இலக்கத்துக்கு எந்த நேரத்தில் செய்தி போனது என்பவை. சிக்னலிடம் கிடைப்பது இரண்டே திகதி: கணக்குத் தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். 2016 இல் அமெரிக்க நீதிமன்றக் கட்டளை ஒன்று வந்தபோதும் சிக்னல் கொடுத்தது அவ்வளவுதான். வைத்திருந்தால்தானே கொடுப்பதற்கு.

டெலிகிராமைப் பற்றி அந்தக் குறிப்பில் இருப்பது இப்போது பழைய கதை. உறுதியான பயங்கரவாத விசாரணை என்றால் மட்டும் ஐ.பி. முகவரியும் போன் இலக்கமும் தரலாம் என்பதுதான் அப்போதைய நிலை. 2024 ஆகஸ்ட் 24 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் லு பூர்ஜே விமான நிலையத்தில் துரோவைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். அடுத்த மாதமே விதி மாறியது. முறையான சட்டக் கோரிக்கை வந்தால் விதியை மீறுகிறவர்களின் ஐ.பி. முகவரியையும் இலக்கத்தையும் கொடுப்போம் என்று டெலிகிராம் அறிவித்தது. கம்பனி முதலாளியின் பிடிவாதத்தை நம்பி ஆப்பைத் தெரிவு செய்தால் இப்படித்தான் ஆகும். முதலாளி விமானத்தால் இறங்கும் வரைக்கும்தான் அந்த உத்தரவாதம்.

இவ்வளவும் கம்பனிப் பக்கம். நம் பக்கத்துக்கு வருவோம். 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாகி இன்றைக்கும் தலைக்கு மேலே நிற்கிறது. முகநூலில் மாவீரர் நாள் படம் போட்டதற்காக ஆட்களை அந்தச் சட்டத்தில் கைது செய்தது பழைய கதையும் இல்லை, 2024 நவம்பருக்குப் பிறகும் நடந்தது. அதற்கு மேல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு. 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறியது. எது 'பொய்யான கூற்று' என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிறது. வெளிநாட்டுக் கம்பனியிடம் முறைப்படி தகவல் கேட்கவும் வழி இருக்கிறது. சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கை 2015 இலேயே சேர்ந்துவிட்டது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியனை விசாரணைக்குக் கூப்பிடும்போது யாரும் கலிபோர்னியாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு இருக்கப் போவதில்லை. "போனைத் திறந்து காட்டும் தம்பி" என்பார்கள். அந்த இடத்தில் நாலு ஆப்பின் பூட்டும் ஒன்றுதான். திறந்த போனில் எல்லாமே திறந்தே இருக்கும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆப் எதை உங்களுக்குத் தெரியாமல் போனில் சேர்த்து வைக்கிறது என்பது.

இங்கேதான் வட்ஸ்அப் மோசமாகத் தோற்கிறது. அன்ட்ரொயிட் போனில் குறூப்புக்கு வரும் படம், வீடியோ எல்லாம் நீங்கள் மாற்றாவிட்டால் தானாகவே கலரியில் போய் உட்காரும். ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா நவம்பர் மாதம் உணர்ச்சியில் அரைமணிக்கு ஒரு படம் போடுவார். அவர் போட்டது அவருக்குப் பேச்சுச் சுதந்திரம். அது இறங்கியிருப்பது கொக்குவிலில் இருக்கும் மருமகனின் கலரியில், கலியாண வீட்டுப் படங்களுக்கு நடுவில். அவன் அதைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டான். செய்தி தானாக மறையும் வசதியைப் போட்டிருந்தாலும் கலரிக்குப் போனது மறையாது. செட்டிங்ஸில் 'சாட்ஸ்' என்ற இடத்தில் 'மீடியா விசிபிலிட்டி'யை நிறுத்தினால் அதற்குப் பிறகு வருபவை கலரிக்குப் போகாது. பழையவற்றை இருந்து அழிக்கத்தான் வேண்டும். சிக்னலில் படம் கலரிக்குப் போக வேண்டுமென்றால் நீங்களாகச் சேமிக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் என் கணக்கில் மேலே சொன்ன எஃப்.பி.ஐ. பட்டியல் முழுவதையும் விடப் பெரியது.

ஒரு குடும்பக் குறூப்பையே எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை நாட்டுச் சட்டம் ஒரே நேரத்தில் ஓடுகிறது! விடுதலைப் புலிகளை இந்தியா 1992 இலும் அமெரிக்கா 1997 இலும் பிரித்தானியா 2001 இலும் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006 இலும் தடை செய்தன. சுவிஸ் அப்படித் தடை செய்யவில்லை. சூரிச்சில் இருக்கும் அண்ணைக்கு ஒன்றுமே இல்லாத ஒரு படம் லண்டன் அக்காவுக்கு ஒரு அளவிலும் ஊரில் இருப்பவருக்கு வேறு அளவிலும் பாரம். இதை எந்த ஆப்பின் என்கிரிப்ஷனும் தீர்க்காது. குறூப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான்: "சித்தப்பா, இதை இங்க போடாதேங்கோ, பொடியள் ஊரில இருக்கிறாங்கள்." சொன்னால் அவர் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை கதைக்க மாட்டார். பரவாயில்லை.

அடுத்தது பேக்கப். வட்ஸ்அப் செய்தியைப் பூட்டி அனுப்பும். ஆனால் ஒவ்வொரு இரவும் கூகுள் டிரைவில் ஏறும் பிரதிக்கு அந்தப் பூட்டு தானாக வராது. 2021 இல் அதற்கும் பூட்டுப் போடும் வசதியைக் கொடுத்தார்கள். 'சாட் பேக்கப்' என்ற இடத்தில் போய் நீங்கள்தான் போட வேண்டும். கடவுச்சொல்லை மறந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் ஆட்கள் அதைத் தொடுவதில்லை. குறூப்பில் நீங்கள் மட்டும் பூட்டினால் போதாது, மற்றவர் பேக்கப்பிலும் உங்கள் பேச்சு இருக்கும் என்பதும் உண்டு. டெலிகிராமில் பேக்கப் என்ற கதையே இல்லை, எல்லாம் ஏற்கெனவே சேர்வரில்தான். புதுப் போனில் குறியீட்டைப் போட்டால் ஐந்து வருடப் பேச்சும் அப்படியே வந்து நிற்கும். வசதிதான். எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் அந்தக் குறியீடு இன்னொருவர் கையில் கிடைத்தால் அவருக்கும் அதே வசதி. இரண்டாவது கடவுச்சொல் ஒன்றைப் போட்டால் ஒழிய.

இதுவரை சிக்னலைத் தூக்கித்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, அதில் ஆட்கள் இல்லை. 2021 ஜனவரியில் வட்ஸ்அப்பின் புதிய தனியுரிமை விதியைப் பார்த்துப் பதறி உலகமே சிக்னலுக்கு ஓடியபோது இங்கும் நிறையப் பேர் போட்டார்கள். பிறகு அம்மா வரவில்லை, மாமி வரவில்லை, எல்லாரும் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது, போன் தொலைந்தால் பேச்சும் தொலைந்தது என்பதே நெடுங்காலம் அதன் நிலை. பேச்சை இணையத்தில் பிரதி எடுத்து வைக்கும் வசதியை 2025 இல்தான் கொண்டுவரத் தொடங்கினார்கள். மூன்றாவது, பதிவு செய்ய போன் இலக்கம் வேண்டும். இங்கே சிம் என்றால் அடையாள அட்டை. 2024 பெப்ரவரியிலிருந்து பயனர் பெயர் வைத்து மற்றவரிடமிருந்து இலக்கத்தை மறைக்கலாம், ஆனால் இலக்கம் இல்லாமல் கணக்குத் திறக்க இன்னும் முடியாது. இன்னொன்று, "இது ஏன் உம்மட்ட இருக்கு?" என்ற கேள்வியே இங்கே வரக்கூடும். அதற்காகப் போடாமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சிக்னல் எவ்வளவு நல்லதென்றாலும் ஆள் பிழையென்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 மார்ச்சில் அமெரிக்கர்களே உதாரணம் காட்டினார்கள். யேமன் மீது குண்டு போடும் திட்டத்தை மந்திரிமார் சிக்னல் குறூப்பில் கதைத்தார்கள். அந்தக் குறூப்பில் 'அட்லாண்டிக்' சஞ்சிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பூட்டில் ஒரு கீறலும் இல்லை.

வைபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2014 இல் ஜப்பானின் ரகுட்டென் 90 கோடி டொலருக்கு வாங்கியது. வெளிநாட்டுக் கோல் மலிவாக வந்த காலத்தின் பழக்கம் நம்மிடம் இன்னும் விடவில்லை. வயதான ஆட்களுக்குப் பழகிய பொத்தான்கள். அவர்களை அதிலேயே விட்டுவிடுவது நல்லது.

தடை வந்தால்? 2018 மார்ச்சில் திகனைக் கலவரத்தின்போதும், 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்றும் சமூக ஊடகங்களை அரசு நிறுத்தியது. தடை என்றால் அதிகம் பேர் பாவிப்பதில்தான் முதலில் விழும். ஆகவே எதையாவது இரண்டாவதாக வைத்திருப்பது புத்தி. வட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் மூன்றிலும் இப்போது ப்ரொக்சி, அதாவது தடையைச் சுற்றி வேறொரு சேர்வர் வழியாகப் போகும் வசதி, உள்ளேயே இருக்கிறது. கண்ட கண்ட இலவச வி.பி.என்.னை அந்த நேரத்தில் அவசரமாக இறக்குவதைவிட அது மேல்.

என்னைக் கேட்டால் நான் பிரிப்பது இப்படி. ரியூசன் நோட்ஸ், வேலை அறிவித்தல், மின்வெட்டு நேரம் எல்லாம் டெலிகிராம் சனலில் வரட்டும், அங்கே வாய் திறக்க வேண்டாம். வீட்டுக் குறூப் வட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும், கலரிச் சேமிப்பை நிறுத்தி, பேக்கப்புக்குப் பூட்டுப் போட்டு, இரண்டாவது பூட்டாக ஒரு பின் (PIN) இலக்கமும் வைத்துவிட்டு. குறியீட்டைக் கேட்டு வாங்கிக் கணக்கைப் பறிக்கிற கள்ளரின் தொல்லையும் அந்த இலக்கத்தால் குறையும். காணி உறுதி, வழக்கு, காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய விபரம், பத்திரிகைக்காரரோடு கதைப்பது போன்றவை சிக்னலில், மறையும் நேரத்தை ஒரு கிழமைக்கு வைத்து.

இந்த வரிசை நிரந்தரமில்லை. செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துக் கொடு என்று இந்தியா 2021 இல் விதி போட்டது. அதை எதிர்த்து வட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டுப் போவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் சட்டத்தரணி நீதிமன்றத்தில் சொன்னார். நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை சிங்கப்பூரின் 2019 சட்டத்தைப் பார்த்து எழுதியதாகத்தான் விமர்சனம் வந்தது. அடுத்த திருத்தத்துக்கு கொழும்பு டெல்லியைப் பார்த்தால், வட்ஸ்அப்பை வீட்டுக் குறூப்புக்குச் சரி என்று நான் எழுதியதை அப்போது மாற்றி எழுத வேண்டி வரும்.