பவளத் தொட்டியா, முரட்டு மீன் தொட்டியா: இரண்டாம் வருடத்தில் தெரிவது

உப்புத் தண்ணீர் தொட்டி வைக்க முடிவு செய்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இதுதான். பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டியா, கிளாத்தி (ட்ரிகர்), பேத்தை (பஃபர்), லயன்ஃபிஷ் மாதிரி முரடர்களுக்கான தொட்டியா? முதல் மூன்று மாதம் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே உப்பு, அதே ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி அகற்றும் கருவி), அமோனியா பூஜ்யத்துக்கு வரும்வரை அதே நாலு முதல் ஆறு வாரக் காத்திருப்பு. வித்தியாசம் இரண்டாம் வருடத்தில்தான் பல்லைக் காட்டும். கிளாத்தி விஷயத்தில் நிஜப் பல்லையே.

பவளத் தொட்டியில் எண்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது, ஆடாமல் இருக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு: உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25-26 டிகிரி, கேஎச் (தண்ணீரின் கார்பனேட் அளவு, இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள்) 8, கால்சியம் 420 (இதுவும் அடுத்தவையும் லிட்டருக்கு மில்லிகிராமில்), மெக்னீசியம் 1300-1350, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05. கடைசி இரண்டையும் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள். அப்படித் துடைத்தெடுத்த தொட்டிகளில்தான் டைனோ எனப்படும் பழுப்புச் சளி படர்கிறது. அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடப் பெரும்பாடு.

இந்த எண்களில் ஆளைக் கவிழ்ப்பது கேஎச். சோதனைக் குப்பியில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், அதில் சொட்டு மருந்து. நீலம் மஞ்சளாகும்வரை எத்தனை சொட்டோ அதுதான் கேஎச். நேற்று எட்டு, இன்று ஏழு என்றால் ஒரு நாளில் ஒரு டிகிரியைப் பவளம் சாப்பிட்டிருக்கிறது. 200 லிட்டரில் அதை ஈடுகட்ட 6 கிராம் சமையல் சோடா போதும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெதுவாக விடவும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. கால்சியத்தை ஈடுகட்ட விடும் கால்சியம் குளோரைடைத் தனியாக, சில மணி நேரம் கழித்து விட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் தண்ணீர் வெண்பனி போலத் திரிந்து, போட்டதெல்லாம் வீண்.

துண்டாக வந்த பவளம் ஆரம்பத்தில் கொஞ்சம்தான் கேட்கும். ஒன்றரை வருடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த பிறகும் பழைய அளவையே ஊற்றிக்கொண்டிருந்தால், கேஎச் சத்தமில்லாமல் ஆறுக்குக் கீழே இறங்கிவிடும். அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல் பவளம் அடியிலிருந்து தோல் உரிந்து வெள்ளை எலும்பாக நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். நன்றாக ஓடிய தொட்டிகள் திடீரென்று செத்துப்போவதற்கு இதுவே அடிக்கடி காரணம். வாரம் இரண்டு முறை சொட்டு எண்ணச் சோம்பலாக இருந்தால் மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்ளலாம். லெதர், மஷ்ரூம், சோவாந்திட் இவை வாராந்திர 10 சதவீதத் தண்ணீர் மாற்றத்திலேயே ஓடும். ஆனால் சோவாந்திட் ஒட்டிய பாறையை வெந்நீரில் வேகவைத்துச் சுத்தம் செய்யும் வேலை மட்டும் வேண்டாம். அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறும். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

சென்னை வெயிலில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் பவளம் பற்றிப் பேசிப் பயனில்லை. மேலே விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோரப் புழுக்கத்தில் அதுவும் குறையாது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கும். சில்லரை மர அலமாரிக்குள் அடைப்பதுதான் வழக்கமான தப்பு. தான் கக்கிய சூட்டையே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடியும் குளிராது. மின்வெட்டுக்கு அலைமோட்டாரை மட்டுமாவது இன்வெர்ட்டரில் போட்டுவிடுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு நன்னீரைத்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. வீட்டுக் குடிநீர் ஆர்ஓவில் டிடிஎஸ் கண்ட்ரோலர் இருந்தால் அது ஆர்ஓவில் வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலந்தே தரும். தொட்டிக்கு டிஐ குடுவை (மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) சேர்த்த, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீர் வேண்டும்.

சட்டமும் ஒன்று உண்டு. கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் எடுத்த பவளத்தை மலிவு என்று வாங்குவது புலித்தோல் வாங்குவது மாதிரிதான். சைட்டிஸ் (அருகிவரும் உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) அனுமதியோடு இறக்குமதியானதற்குத் தாள் கேளுங்கள். பாறைக்குச் செயற்கை உலர்பாறை போதும்.

முரட்டுத் தொட்டியில் இந்தச் சொட்டுக் கணக்கு இல்லை. நைட்ரேட் 40 வரை போனாலும் மீன் தாங்கும், 28 டிகிரியும் தாங்கும், விளக்கு சாதாரணமானதே போதும். செலவு தண்ணீரின் அளவில் இருக்கிறது. கடையில் விரலளவாக நிற்கும் கோமாளிக் கிளாத்தி 50 செ.மீ. வரை வளரும் ஜாதி. ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, சுமார் 650 லிட்டர், அதுதான் தொடக்கம். முதல் நிரப்பலுக்கே 24 கிலோ உப்பு. ஸ்கிம்மர் பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவு, உங்கள் தொட்டியைப்போல் இரண்டு மடங்காக இருக்கட்டும்.

பாறையை முதலில் அடிக்கண்ணாடியில் உட்காரவைத்து, பிறகு மணல் போடவும். கிளாத்தி தோண்டும்; மணல்மேல் நிற்கும் பாறை சரிந்தால் கண்ணாடி போச்சு. வாயில் அகப்படும் வயரையும் கடிக்கும். ஆகவே ஹீட்டர், மோட்டார் எல்லாம் கீழே சம்ப்பில் (தொட்டிக்கு அடியில் வைக்கும் துணைத் தொட்டி), மின் இணைப்பில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). அஞ்சாலை (மோரே விலாங்கு) வைத்தால் மூடியில் குழாய் நுழையும் ஓட்டையைக்கூட வலையால் அடைக்க வேண்டும்.

சாந்தமானதை முதலில், சண்டைக்காரனைக் கடைசியில் விடுவது விதி. தாமதமாக ஒன்று சேர்த்தால் பாறைகளை மாற்றி அடுக்கி, துளையிட்ட அக்ரிலிக் தட்டியால் நாலைந்து நாள் பிரித்து வைக்கவும். அப்படியும் கோமாளிக் கிளாத்தி வளர்ந்த பிறகு கூட இருப்பவர்களைக் கொல்லத் தொடங்கலாம். அதற்கு மருந்து இல்லை, வேறு தொட்டிதான்.

தீனியில் நம் ஊருக்கு லாபம். மீன் சந்தைக் கணவாய், ஓட்டோடு இறால், நண்டுக் கால், மட்டி: வாங்கி ஃப்ரீசரில் உறையவைத்து, கொடுக்குமுன் வைட்டமின் சொட்டில் ஊறவைக்கலாம். பேத்தைக்கு ஓடு அவசியம். கடிக்கக் கெட்டியாக எதுவும் இல்லாவிட்டால் பல் வளர்ந்து வாய் மூட முடியாமல் பட்டினி கிடக்கும். லயன்ஃபிஷ்ஷுக்கு உயிர்மீன் போடும் ஆசையில் கோல்ட்ஃபிஷ் போடாதீர்கள். அதிலுள்ள தயாமினேஸ் பி1 வைட்டமினை அழிக்கும், ஈரலில் கொழுப்பும் சேரும். குச்சியில் குத்திய கணவாய்க்குப் பழக்கி, வளர்ந்த மீனுக்கு வாரம் மூன்று முறை கொடுத்தால் போதும். முள் குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் முக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டையும் கலக்க முடியுமா? லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது, வாயில் கொள்ளும் மீனையும் இறாலையும்தான் விழுங்கும். பெரிய தொட்டியில் மென்பவளங்களோடு அது நன்றாகவே ஓடும். பேத்தையும் பெரும்பாலான கிளாத்திகளும் நத்தை, நண்டு, பவளம் எதையும் விடாது.

எதிர்காலத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். பவளத் தொட்டியை முரட்டுத் தொட்டியாக்கத் தடையில்லை. தலைகீழாகப் போவது, அந்தத் தொட்டியில் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து விட்டிருந்தால் ஆபத்து. பாறையும் மணலும் தாமிரத்தை உறிஞ்சி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். நத்தைக்கும் பவளத்துக்கும் அந்தக் கசிவே விஷம். எனவே மருந்துக்கென்று பாறை, மணல் இல்லாத 80 லிட்டர் தனித் தொட்டி ஒன்று. அதற்கான வாளி, வலை, குழாயில் சிவப்பு டேப் சுற்றிவையுங்கள். வீட்டில் வேறு யாராவது தண்ணீர் மாற்றும் நாளில் உதவும்.