ஐசி-7300 ரேடியோவை வேறு ஊரிலிருந்தபடி ஓட்ட டபிள்யூஎஃப்வியூ மென்பொருள்: எது நன்று, எங்கே இடறும்

ஹாம்கள், அதாவது உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள், பயன்படுத்தும் ஐகாம் ஐசி-7300 ரேடியோவின் பின்பக்கம் லேன் துளை கிடையாது. அண்ணன் தம்பிகளான ஐசி-7610, ஐசி-9700 இரண்டிலும் லேன் உண்டு, கையடக்க ஐசி-705இல் வைஃபையே இருக்கிறது. 7300க்கு மட்டும் ஒரே ஒரு யூஎஸ்பி துளை. தொலைவிலிருந்து இயக்க ஐகாம் விற்கும் ஆர்எஸ்-பிஏ1 மென்பொருளை வாங்கினால், ரிக்கின் (ரேடியோவின்) பக்கத்தில் ஒரு விண்டோஸ் கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாடியில் ஆன்டெனா, கையில் லேப்டாப், வேலையோ வேறு ஊரில் என்று இருக்கும் ஹாம்களுக்கு டபிள்யூஎஃப்வியூ கைகொடுப்பது இங்கேதான். இலவசம், திறமூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ரிக் பக்கத்தில் ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போதும். பையில் சர்வராக ஓடவிட்டால், 7300ஐ நெட்வொர்க் வசதியோடு பிறந்த ரேடியோ போலவே வெளியே காட்டும்.

முதலில் கண்ணில் படுவது வாட்டர்ஃபால், பேண்டில் எங்கெங்கே சிக்னல் இருக்கிறது என்று அருவிபோல் ஓடிக் காட்டும் படம். சத்தத்தைக் கணினி அலசி வரையும் படம் இல்லை இது. ரிக்கின் திரையில் ஓடும் அதே ஸ்கோப் தரவு, ஒரு வீச்சுக்கு 475 புள்ளிகளாக, சிஐ-வி என்ற ஐகாமின் கட்டுப்பாட்டுக் கட்டளை வழியாக வந்து சேர்கிறது. அதனால் இணையத்தில் பெரிய சுமையும் இல்லை. 20 மீட்டர் பேண்ட் முழுவதையும் விரித்து வைத்து, சிக்னல் தெரியும் இடத்தில் க்ளிக் செய்தால் ரிக் அங்கே போய் நிற்கும். மவுஸால் டியூன் செய்ய அலுப்பாக இருந்தால் ஐகாமின் ஆர்சி-28 குமிழோ ஷட்டில் எக்ஸ்பிரஸோ வாங்கிச் செருகலாம், இரண்டையும் அது அடையாளம் கண்டுகொள்ளும். எஸ்எஸ்பி என்ற குரல் முறையில் பேசுகிறவர்களுக்கு ஆர்சி-28 கொடுத்த காசுக்கு வஞ்சனை செய்யாது.

நிறுவும்போது தடுக்கி விழுவது பெரும்பாலும் ரிக்கின் மெனுவில். செட், கனெக்டர்ஸ், சிஐ-வி என்று உள்ளே போய், சிஐ-வி யூஎஸ்பி போர்ட் என்பதை 'அன்லிங்க் ஃப்ரம் ரிமோட்' ஆக்க வேண்டும், யூஎஸ்பி பாட் வேகம் 115200. இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அலைவரிசை எண் மாறும், மோடு மாறும், ஆனால் வாட்டர்ஃபால் கருப்பாகவே கிடக்கும். முகவரி 94 ஹெக்ஸ், அதைத் தொட வேண்டாம். அடுத்து 'டேட்டா ஆஃப் மாட்' என்பதை யூஎஸ்பி ஆக்கினால்தான் உங்கள் குரல் காற்றில் ஏறும். ஆக்கியபின் ரிக்கில் செருகியிருக்கும் மைக் ஊமையாகிவிடும். வீட்டில் இருக்கும் இன்னொரு ஹாம் மைக்கைப் பிடித்துக் கத்தி, ரிக் பழுது என்று முடிவு கட்டுவதற்குள் சொல்லிவைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வரி அதே கனெக்டர்ஸ் மெனுவில் இருக்கிறது: யூஎஸ்பி சென்ட், எந்த இழை உயர்ந்தால் ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்வது. எஃப்டி8 என்ற கணினிவழி டிஜிட்டல் முறைக்காக எப்போதோ அதை ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் என்ற சீரியல் இழைக்கு மாற்றி வைத்திருப்பார்கள். லினக்ஸ் ஒரு சீரியல் போர்ட்டைத் திறக்கும் நொடியிலேயே இந்த இரண்டு இழைகளையும் உயர்த்திவிடும். பலன்: 200 கிலோமீட்டருக்கு அப்பால் மின்சாரம் போய் வந்து பை மறுபடி எழுந்ததும், யாரும் தொடாமலே ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும். எஸ்எஸ்பியில் கேரியர் இல்லாததால் மீட்டரிலும் உடனே தெரியாது, ரிசீவர் ஊமையாக இருக்கிறதே என்று ஆடியோ செட்டிங்கைத்தான் தோண்டிக்கொண்டிருப்போம். அதனால் யூஎஸ்பி சென்ட், யூஎஸ்பி கீயிங் இரண்டையும் ஆஃபில் வையுங்கள். டபிள்யூஎஃப்வியூ பிடிடியை, அதாவது பேச அழுத்தும் பொத்தானின் வேலையை, சிஐ-வி கட்டளையாகவே அனுப்பிவிடும், இழை எதுவும் அதற்குத் தேவையில்லை.

பை பக்கம் இரண்டு சிறு வேலைகள். ஓடும் பயனரை டயல்அவுட், ஆடியோ குழுக்களில் சேர்க்க வேண்டும். சீரியல் போர்ட்டை எண்ணால் குறிக்காமல், சாதனத்தின் அடையாளப் பெயரால் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆன்டெனா சுழற்றிக்கு இன்னொரு யூஎஸ்பி வயர் செருகிய அன்று எண்கள் இடம் மாறி, சர்வர் சுழற்றியோடு பேசப் பார்க்கும்.

ஆடியோவுக்கு வருவோம். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று விட்டால் ஒரு பக்கத்துக்கே 768 கிலோபிட் தின்னும். எஸ்எஸ்பி குரலின் அகலம் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது, 16 கிலோஹெர்ட்ஸ் தாராளம், அதற்கு 256 கிலோபிட். மொபைல் டேட்டாவில் இருந்தால் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு முனையிலும் டபிள்யூஎஃப்வியூ இருந்தால் ஓபஸ் கிடைக்கும், சத்தமும் கெடாது. தாமத அளவை 150 மில்லிசெகண்டில் தொடங்கி, சொற்கள் உடைந்தால் 300 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால், பலர் ஒரே நிலையத்தை முண்டியடித்து அழைக்கும் பைல்-அப்பில் எப்போதும் ஒரு மூச்சு பிந்தித்தான் அழைப்பீர்கள்.

இணைய இணைப்பில்தான் நம்மூரில் பலர் கைவிடுகிறார்கள். நெறிமுறை கேட்பது 50001, 50002, 50003 என்ற மூன்று யூடிபி போர்ட்டுகள். ரவுட்டரில் அவற்றைத் திறந்தும் வெளியிலிருந்து இணைப்பு கிடைக்கவில்லை என்றால், ரவுட்டரின் வேன் (இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே போர்ட் திறப்பது சுவரில் கதவு வரைந்த கதைதான். பையிலும் லேப்டாப்பிலும் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் நிறுவினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பொது ஐபி கிடைத்தவர்களும் இப்படி ஒரு விபிஎன் உள்ளேயே ஓட்டுவது நல்லது. ஐகாமின் நெறிமுறை கடவுச்சொல்லை எழுத்து மாற்றி மறைக்கிறதே தவிர, குறியாக்கம் செய்வதில்லை. திறந்த போர்ட்டைக் கண்டுபிடிக்கிறவன் கையில் போவது உங்கள் கால்சைன், உரிமத்தோடு உங்களுக்குத் தந்த அழைப்புப் பெயர்.

கேட்கும்போது எல்லாம் சரி, பிடிடி தட்டியதும் இணைப்பு அறுகிறது என்ற புகாருக்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆர்எஃப், அதாவது ஆன்டெனா வீசும் ரேடியோ அலை, யூஎஸ்பி வயரில் ஏறிப் பையின் யூஎஸ்பியைக் கலைக்கிறது. பவரை 10 வாட்டுக்கு இறக்கிப் பாருங்கள், நின்றால் காரணம் உறுதி. தடித்த கவசமுள்ள குட்டை வயர், இரு முனையிலும் 31 வகை ஃபெரைட் வளையத்தில் சில சுற்று, ஆன்டெனா ஊட்டுமுனையில் ஆர்எஃப் வயரில் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு சோக், இவைதான் மருந்து. எண்ட்-ஃபெட் அரை அலை ஆன்டெனாவை ஜன்னலுக்கு வெளியே கட்டியிருக்கும் இடங்களில் இது கிட்டத்தட்ட நிச்சயம்.

டபிள்யூஎஃப்வியூ செய்யாதவையும் உண்டு. டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போது இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை அதன் தலையில் விடக்கூடாது. ரிக்கின் மெனுவில் சிஐ-விக்கான டைம்-அவுட் டைமர் இருக்கிறது, ஆலையிலிருந்து ஆஃப் ஆகவே வரும், அதை 3 நிமிடத்தில் வையுங்கள். அதோடு 13.8 வோல்ட் சப்ளைக்கு முன்னால் 16 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் ஒன்று. ஆனால் அதே பிளக்கில் ரவுட்டரையும் பையையும் மாட்டிவிடாதீர்கள், ஒருமுறை அணைத்தால் திரும்ப எழுப்ப ஆள் அனுப்ப வேண்டிவரும். அவை இரண்டும் சிறு யூபிஎஸ்ஸில் இருக்கட்டும், அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் மெமரி கார்டு கெடாமலும் பிழைக்கும். ரிக்கை மென்பொருளிலிருந்தே ஆன் செய்யலாம். தூங்கும் 7300ஐ 115200 வேகத்தில் எழுப்ப, கட்டளைக்கு முன்னால் எஃப்ஈ என்ற பைட்டை 150 முறை அனுப்ப வேண்டும், அதை டபிள்யூஎஃப்வியூ தானே பார்த்துக்கொள்கிறது. இடி மின்னலுக்கு எந்த மென்பொருளும் உதவாது. ஐப்பசி, கார்த்திகையில் கோயாக்ஸைத் தரையோடு இணைக்கும் ஒரு ரிலே தனியாக வேண்டும்.

ரிக்கின் உள்ளே இருக்கும் டியூனர், ஆன்டெனா பொருந்தாத அளவைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் 3:1 வரைதான் சமாளிக்கும். பக்கத்தில் உட்கார்ந்தால் வாடையில் கண்டுபிடித்துவிடும் பலூனின் (வயரை ஆன்டெனாவோடு பொருத்தும் டிரான்ஸ்ஃபார்மரின்) சூட்டை, தூரத்திலிருந்து யாரும் காண முடியாது. ஒத்திசையும் ஆன்டெனா, 50 வாட், அவ்வளவுதான்.

எஃப்டி8க்கு இது மெத்தப் பொருத்தம். பிற மென்பொருள் ரிக்கை இயக்க வழிவிடும் ரிக்சிடிஎல்டி வசதியை டபிள்யூஎஃப்வியூவில் இயக்கி, எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் ஹேம்லிப் நெட் என்று தேர்ந்தெடுத்து அந்தப் போர்ட் எண்ணைக் கொடுத்தால் போதும், விண்டோஸில் ஆடியோவுக்கு ஒரு மெய்நிகர் கேபிள் வேண்டும். 15 விநாடிச் சுற்றில் 200 மில்லிசெகண்ட் தாமதம் கணக்கில் வராது, லேப்டாப் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். லாகில் எழுத வேண்டியது ஆன்டெனா நிற்கும் இடத்தின் கிரிட் (வரைபடக் கட்டத்தின் குறியீடு), நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துடையது அல்ல.

மோர்ஸ்காரர்களுக்குத்தான் ஏமாற்றம். தட்டச்சு செய்த வரியை ரிக்கினுள் மோர்ஸ் அடிக்கும் கீயருக்கு அனுப்பும் ஜன்னல் இருக்கிறது, ஒரு தடவைக்கு 30 எழுத்து, தாளம் பிசகாமல் போகும். பேடிலை (மோர்ஸ் அடிக்கும் விசையை) லேப்டாப்பில் மாட்டி விரலால் அடிக்க நினைப்பவர்கள், பேடில் ஓசையை உள்ளூரிலேயே உண்டாக்கித் தரும் ரிமோட்ரிக் போன்ற ஜோடிப் பெட்டிகளுக்குத்தான் காசு எடுத்துவைக்க வேண்டும்.