கட்டிக்கொள்ளும் பாலங்களோடு 0 ஏ.டி.: விளையாடிப் பார்த்த அனுபவம்

0 ஏ.டி. இலவசமாகக் கிடைக்கும் கணினி வியூக விளையாட்டு; ஊர் கட்டி, படை திரட்டி எதிராளியோடு மோதவேண்டும். இணையம் இல்லாமலே ஓடும், மூலநிரலும் யாரும் எடுத்து மாற்றும்படி திறந்து கிடக்கிறது. கிளிநொச்சியில் எங்கள் வட்டம் அதில் ஒட்டிக்கொள்ள இவ்வளவும் போதுமாக இருந்தது. அதில் நாம் விரும்பிய இடத்தில் பாலம் கட்ட முடியாது. 1999இல் வந்த டைபீரியன் சன் என்ற இன்னொரு வியூக விளையாட்டிலும் உடைந்த பாலத்தைப் பொறியியலாளரை அனுப்பித் திருத்தலாமே தவிர, புதிதாக ஒன்று போட வழியில்லை.

மென்பொருள் படிக்கும் என் மருமகன் மூலநிரலில் கைவைத்துப் பாலத்தைச் சேர்த்தான். போன மாரியிலிருந்து அதைத்தான் விளையாடுகிறோம்.

அட்லஸ் என்ற அதன் வரைபடக் கருவியில் பூநகரிக் கடலேரியைக் கீறினோம். இந்தக் கரை சங்குப்பிட்டி, எதிர்க்கரை கேரதீவு. 2011இல் பாலம் திறக்க முன் அங்கே வாகனங்களைப் ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றித்தான் கடப்பார்கள். விளையாட்டிலும் அதே பாடுதான்: படையைக் கப்பலில் ஏற்று, காத்திரு, இறக்கு. பாலம் வந்ததும் ஆட்டம் வேகமெடுக்கும் என்று நினைத்தோம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் பாலத்தடியில் கோபுரம் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

சிக்கல் யாருக்குப் பாலம் சொந்தம் என்பதில் இருந்தது. இந்த விளையாட்டில் கட்டடத்தை இடிக்காமலே கைப்பற்றலாம். தன் எல்லைக்கு வெளியே நிற்கும் கட்டடம் மெல்ல மெல்லக் கைநழுவியும் போகும். மரமும் கல்லும் கொட்டிக் கட்டிய பாலம் எதிராளியின் பெயருக்கு மாறிவிட்டால் யார்தான் இன்னொன்று கட்டுவார்கள்? கடைசியில் மருமகன் ஒரு வேலை செய்தான். கட்டி முடிந்த கணமே பாலம் காயாவுக்கு, அதாவது யாருக்கும் சொந்தமில்லாத பொதுக் கணக்குக்குப் போய்விடும். யாரும் நடக்கலாம், யாரும் உடைக்கலாம். என்னைக் கேட்டால் முழு மாற்றத்திலும் உருப்படியான முடிவு இதுதான். எதிரி கட்டிய பாலத்தால் நாம் போய் அடிக்கலாம் என்று ஆனதும் கட்டுகிறவன் இருமுறை யோசிக்கிறான்.

அப்புறம் கப்பல். இந்த விளையாட்டின் நிலத்தில் ஒரு புள்ளிக்கு ஒரே உயரம்தான். மேலே ஆட்கள், கீழே கப்பல் என்ற இரண்டு தட்டுக்கு இடமில்லை. ஆகவே அவன் கடலடியை உயர்த்தி, அதன்மேல் தாழ்ந்த பாலத்தின் உருவத்தை வைத்திருக்கிறான். கடலேரி இரண்டாகப் பிரிந்துவிடும். உள்ளே நின்ற கப்பல் உள்ளேதான். சிலர் வேண்டுமென்றே அப்படி அடைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சட்டப்படி சரி.

பாலம் உடையும்போது நடுவில் நின்றவர்கள் ஆரம்பத்தில் தண்ணீருக்கு மேலே நடந்து கிட்டிய கரைக்குப் போனார்கள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. இப்போது மூழ்கிவிடுகிறார்கள்.

கணினி எதிராளியான பெட்ராதான் இன்னும் தலையிடி. எந்த நிலம் எதோடு சேர்ந்தது என்று தொடக்கத்தில் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, கண்முன்னே பாலம் இருக்கக் கப்பல் கட்டிக்கொண்டிருக்கும். தனியே விளையாடுபவருக்கு இதைக் கொடுக்கமாட்டேன். நாலு பேர் ஒரே அறையில் கணினிகளை இணைத்து விளையாடுவதென்றால் தாராளமாகப் போடலாம். எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ஒத்திசைவு தவறி ஆட்டம் பாழ்.