நுண்கணிதம், இயற்பியல் வீட்டுப்பாடத்துக்கு இணைய உதவி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பள்ளியின் கடைசி வகுப்புகளில் ஆரம்பித்து கல்லூரியிலும், நுண்கணிதம், இயற்பியல் கணக்குகளுக்கு இணையத்தில் கிடைக்கும் உதவிகளை விடாமல் பயன்படுத்தி வந்திருக்கிறேன். முழு விடையை அப்படியே கையில் கொடுத்த உதவி மறுநாளே மறந்துபோகும். என் நோட்டில் எந்த வரியில் தடம் மாறியது என்று காட்டிய உதவிதான் தேர்வறை வரை கூட வந்தது.

விடை சரிபார்க்க, கணக்கை உள்ளிட்டால் விடை தரும் இணையதளமான, 2009-இல் வந்த உல்ஃப்ராம் ஆல்ஃபா அருமை. ஆனால் அதன் விடையும் நம் விடையும் ஒரே உருவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிடும் (இன்டெக்ரல்) கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சைனை யு என்று வைத்துப் போட்டால் சைன் வர்க்கத்தில் பாதி வரும். காஸை யு என்று வைத்தால் காஸ் வர்க்கத்தில் பாதி, மைனஸ் குறியோடு வரும். இரண்டுமே சரி! முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எப்போதும் அரைதான் மிஞ்சும். அதை, தொகையிட்ட விடையின் கடைசியில் சேர்க்கும் மாறிலி சி விழுங்கிக்கொள்ளும். வரைபடம் போடும் இணையக் கருவியான டெஸ்மாஸில் இரண்டையும் வரைந்தால், ஒரே வளைவு அரை அலகு மேலும் கீழுமாக நிற்பது கண்ணுக்கே தெரியும். கடைசியில் 'கூட்டல் சி' எழுதுவது சம்பிரதாயத்துக்கு இல்லை என்பது எனக்கு அதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இயற்பியலில் சமன்பாட்டுக்கு முன்னால் படமே தகராறு. ஒரு பொருளைத் தனியாக வரைந்து, அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் தனித்த பொருள் விசைப்படம் சரியாக வந்துவிட்டால் மிச்சம் வெறும் இயற்கணிதம். இதற்கு கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களை (திரையில் இயக்கிப் பார்க்கும் சோதனைகளை) தாராளமாகப் பரிந்துரைப்பேன். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது, இலவசம். உராய்வைக் கூட்டிக் குறைத்து, விசை அம்புகள் நீள்வதையும் சுருங்குவதையும் பார்க்கலாம்.

கணக்கைப் படம் பிடித்து அனுப்பினால் தீர்வு தரும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டியும் பார்த்தேன். எளிய வரிகளுக்கெல்லாம் விளக்கம் இருக்கும். திணறும் இடத்தில் 'சுருக்கினால்' என்று ஒரே தாவல். நிறுத்திவிட்டேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளும் இருக்கின்றன. 'விடை வேண்டாம், என் மூன்றாவது வரியை மட்டும் பார்' என்று கேட்டால் நன்றாகவே உதவுகின்றன. ஆனால் தவறான விடையையும் அதே உறுதியோடு சொல்கின்றன. அதனால் எல்லை நிலைகளைப் போட்டுப் பார்ப்பேன். உராய்வில்லாத சாய்தளத்தில் கட்டையின் முடுக்கம் ஜி சைன் தீட்டா (ஜி புவியீர்ப்பு முடுக்கம், தீட்டா சாய்வுக் கோணம்). 30 டிகிரிக்கு 4.9 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர். கோணம் பூஜ்யம் என்றால் முடுக்கமும் பூஜ்யம், 90 என்றால் 9.8. சைனுக்குப் பதில் காஸ் வந்திருந்தால், சமதரையில் வைத்த கட்டை தானாகவே 9.8-இல் ஓடும்! கால்குலேட்டர் டிகிரிக்குப் பதிலாக ரேடியன் என்ற வேறு கோண அலகில் இருந்தாலும் இப்படிப் பிடித்துவிடலாம்: சைன் 30 என்பதற்கு மைனஸ் 0.988 காட்டும், கட்டை மேட்டில் ஏறும்.

மனிதர்களிடம் கேட்பதாக இருந்தால், கேள்வியோடு உங்கள் விசைப்படத்தையும் நின்றுபோன வரியையும் சேர்த்து அனுப்புங்கள். 'இந்தக் கணக்கைப் போட்டுத் தாருங்கள்' என்று கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. முயற்சியைக் காட்டிக் கேட்டால், முகம் தெரியாதவர்கள்கூடப் பொறுமையாக உட்கார்ந்து விளக்குவார்கள்.