புழக்கடையில் காடையும் கோழியும்: சேர்த்து வளர்த்த அனுபவம்

காடையையும் நாட்டுக்கோழியையும் ஒரே புழக்கடையில் வளர்க்கலாமா என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான்: தாராளமாக வளர்க்கலாம், ஒரே கூண்டில் மட்டும் வேண்டாம். கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை பூனையையும் கீரியையும் நிறுத்தும். நோயை நிறுத்த வலை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விடுகிறோம், காலையில் எதை முதலில் கவனிக்கிறோம் என்பதுதான் அதை நிறுத்துகிறது.

எங்களுடையது ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு சென்ட் இடம். கோழி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. காடை வந்து சில வருடங்கள் ஆகின்றன. கோழிக்கூடு கிழக்கு மூலையில் வேப்பமரத்தடியில். காடைக் கூண்டு மேற்குச் சுவரை ஒட்டிய சாய்ப்பில். நடுவில் முப்பதடிக்குக் குறையாது. பக்கம் பார்த்துத்தான் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று எங்களுக்கு மேற்கிலிருந்துதான் அடிக்கும், அதனால் கோழிக்கூட்டுத் தூசி காடை மேல் போகாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிவிடும். அப்போது மட்டும் காடைக் கூண்டின் கிழக்குப் பக்கம் தார்ப்பாய் தொங்கவிடுவோம், மேலே ஒரு சாண் காற்றோட்டத்துக்கு விட்டு.

நாங்கள் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974-இல் அமெரிக்காவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்ட வகை அது. நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அதிலிருந்து நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று தனி இரகங்களே உருவாக்கியிருக்கிறது. சோளக்காட்டில் திரிகிற காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது பிடித்துக்கொண்டு வந்து விற்றால் வாங்கவே கூடாது.

ஒரே கூண்டு ஏன் ஆகாது என்பதை என் அக்கா வீட்டில் கண்ணால் பார்த்தேன். பெரிய கோழிக்கூடு சும்மாதானே இருக்கிறது என்று காடைகளையும் அதிலேயே விட்டிருந்தார்கள். இரண்டு கிலோ சேவலுக்கு முன்னால் இருநூறு கிராம் காடை என்ன செய்யும்? தீவனத் தட்டுப் பக்கம் வந்தாலே தலையில் கொத்து. ஒரு காடையின் பின்மண்டையில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. கொத்து மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கோழி இரவில் கம்பில் ஏறி உட்காரும். காடை தரையிலேயே ஒண்டும். மேலேயிருந்து விழும் எச்சம் முழுக்க காடையின் முதுகிலும் தண்ணீரிலும்தான். பகலில் திறந்துவிட்டால் கோழி அந்தியானதும் தானாக அடைய வந்துவிடும். காடைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வெளியே போனால் போனதுதான்.

அடுத்தது நோய். இதைத்தான் பலரும் கணக்கில் வைப்பதில்லை. கோழிக்கு வரும் தொற்றுச் சளி, அதாவது முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி ஒழுகுமே, அது காடைக்கும் வரும். சளி வந்து தேறிய கோழி பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் கிருமி அதன் உடம்பிலேயே தங்கியிருக்கும். குடல்புண் நோய் காடையைக் கடுமையாகத் தாக்கும், கோழியையும் விடாது. எச்சம் வழியாகப் பரவும் அந்தக் கிருமி மண்ணில் நெடுநாள் கிடக்கும். கோழிகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் வெள்ளைக்கழிச்சலில் (ராணிக்கெட் நோய்) கதை தலைகீழ். காடை அதை ஓரளவு தாங்கிவிடும். வெளியே தெரியாமல் கிருமியைச் சுமந்து, கோழிக்குக் கொடுத்துவிடவும் செய்யும். ஆக ஒருபக்கம் மட்டும் பயந்து பயனில்லை. ஆறுதலான விஷயம் ஒன்றுண்டு: இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி பெரும்பாலும் பறவைக்குப் பறவை தனித்தனி வகை. கோழியிடம் இருப்பது காடையைப் பிடிப்பது அரிது.

இதற்காக நாங்கள் செய்வதெல்லாம் காசு செலவில்லாத காரியம். காலையில் முதலில் காடை, அப்புறம்தான் கோழி. கோழிக்கூட்டைக் கூட்டிவிட்ட கையோடு காடைப் பக்கம் போகிற வழக்கம் இல்லை. போயே ஆகவேண்டுமென்றால் சோப்பு போட்டுக் கை கழுவி, செருப்பு மாற்றிப் போவோம். காடைச் சாய்ப்புக்கென்று தனிச் செருப்பு, தனி விளக்குமாறு, தனி வாளி. வாளியின் காதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, பிள்ளைகளுக்கும் தெரியட்டும் என்று. மேயும் கோழி காடைக் கூண்டுக்கு அடியில் போய்க் கிளறாமல் இருக்கச் சுற்றிலும் இடுப்புயரத்துக்கு நிழல்வலை கட்டியிருக்கிறோம். காடை சிந்துகிற தீவனத்துக்குக் கோழி எப்படியாவது வரப் பார்க்கும், எச்சத்தோடு சேர்த்துத் தின்றுவிடும். அதனால் அடியில் தகரத் தட்டு வைத்து, தினமும் வழித்து நேராக உரக்குழிக்கு. காடை எச்சம் ஈரமானது. இரண்டு நாள் விட்டால் கண் எரிகிற அளவுக்கு நாறும்.

இனி கூண்டு. எங்கள் கூண்டு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வளர்ந்த காடை ஐம்பது வரை விடலாம் என்பது வழக்கமான கணக்கு. நாங்கள் அதில் பாதிதான் விடுகிறோம். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும். ஒரு சேவலுக்கு இரண்டு மூன்று பெட்டை. ஐந்தாறு வாரத்தில் நெஞ்சுப் பகுதியைப் பார்த்தே பிரித்துவிடலாம்: சேவலுக்குப் புள்ளியில்லாத செம்பழுப்பு, பெட்டைக்குக் கரும்புள்ளி. உயரத்தில் கவனம் வேண்டும். காடை மிரண்டால் ஓடாது, நட்டுக்குத்தலாக மேலே பாயும். மூன்றடி நாலடி உயரம் வைத்தால் வேகமெடுக்க இடம் கிடைத்து, கூரையில் மோதி மண்டை உடையும். ஒன்று தாழ்வாக இருக்க வேண்டும், இல்லை ஆள் நின்று நடக்கும் உயரத்துக்குப் போய்விட வேண்டும். எங்கள் ஒன்றரை அடிக்கே உள்கூரையில் கொசுவலைத் துணியைத் தொய்வாகக் கட்டியிருக்கிறேன். பாய்ந்தாலும் அடிபடாது.

வலையைப் பொறுத்தவரை, அறுகோணக் கண் வைத்த சாதாரணக் கோழிவலை காடைக்கு ஆகவே ஆகாது. கம்பி மெலிசு, கண் பெரிசு. பூனை அதற்குள் காலைவிட்டு, வெளியே இழுக்க முடியாத காடையை அங்கேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டி வலைதான் சரி. பாம்புக் குட்டிகூட நுழையக் கூடாதென்றால் கீழ்ப்பாதிக்குக் கால் அங்குலம் போடலாம், நாங்கள் போட்டிருக்கிறோம். பகலில் வருவது கீரி. ஒருநாள் மத்தியானம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூண்டின் நாலு காலையும் மோந்து, பின்னங்காலில் எழுந்து நின்று, ஒவ்வொரு மூலையாக மூக்கை வைத்துத் தள்ளிப் பார்த்தது. வலையை அது கடிக்கவே இல்லை. சட்டமும் வலையும் சேருகிற இடம்தான் அதற்குக் குறி. கதவுப் பக்கம் வந்து கொண்டியை நகத்தால் இரண்டு முறை தூக்கியது. உள்ளே காடை ஒன்றுகூட அசையவில்லை, சத்தமும் இல்லை. கோழி என்றால் ஊரைக் கூட்டியிருக்கும். காடை தனக்கு ஆபத்து வந்ததைச் சொல்லாது. அன்றிலிருந்து கொண்டிக்குள் ஒரு சுருள்கம்பிக் கொக்கி கோத்துவிட்டேன். வலையை ஆணியில் மட்டும் நம்பாமல் மரச்சட்டத்தை மேலே வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியாகிவிட்டது.

இரவில் வருவது மரநாயும் பெருச்சாளியும். பெருச்சாளி அடிவழியாக வந்து, வலைக்குக் கீழே தெரியும் கால்விரலைக் கடிக்கும். அந்தத் தகரத் தட்டு இதற்கும் காவல். கூண்டு தரையிலிருந்து மூன்றடி மேலே. கூண்டுக் காலில் எறும்பு ஏறினால் குஞ்சு தப்பாது. தண்ணீர்க் கிண்ணத்தில் காலை நிறுத்துவதுதான் பலரும் செய்வது. ஆனால் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகும், கொசு கோழிக்கு அம்மை பரப்பும். அதனால் நாங்கள் காலைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டி வேப்பெண்ணெய் ஊற்றுகிறோம், காய்ந்தால் மறுபடியும்.

முட்டை தொடர்ந்து வேண்டுமென்றால் காடைக்குப் பகலும் விளக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் தேவை. விளக்கைக் கூண்டுக்கு வெளியே எரியவிட்டால் வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குத் தேரை, தேரையைத் தேடிப் பாம்பு என்று வரிசையாக வந்து சேரும். சிறிய எல்.இ.டி. பல்பை உட்புறம் பார்த்து மாட்டி, வெளிப்பக்கம் தகரத்தால் மறைத்துவிட்டோம். கோழிக்கூடு பக்கம் இருட்டு கெடுவதில்லை.

தீவனம் தனித்தனிதான். முட்டைக் கோழித் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம். காடைக் குஞ்சுக்கு 27 சதவீதம் வரை வேண்டும், முட்டையிடும் காடைக்கே 20-க்கு மேல். கோழித் தீவனத்தையே போட்டால் காடை உயிரோடிருக்கும், தேறாது. காடைத் தீவனம் கிடைக்காத நாளில் பிராய்லர் ப்ரீ-ஸ்டார்ட்டரை, அதாவது கறிக்கோழிக் குஞ்சுக்கு முதல் நாட்களில் போடும் தீவனத்தைப் பொடியாக அரைத்துப் போடுகிறோம். பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில்.

பொரிக்க அடைக்கோழி வைக்கலாமே என்பார்கள். காடை தானாக அடை படுப்பது அரிது என்பது உண்மை. சிறிய கோழி காடை முட்டையைப் பொரித்தும் கொடுக்கும். ஆனால் இவ்வளவு தூரம் பிரித்து வைத்துவிட்டு, குஞ்சை முதல் நாளே கோழி இறக்கைக்குள் விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. சின்ன இன்குபேட்டர் வாங்கிக்கொண்டோம்; 17, 18 நாளில் பொரித்துவிடும். குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், தண்ணீர்த் தட்டில் விழுந்தே செத்துப்போகும். தட்டில் கூழாங்கல் போட்டுவிட வேண்டும்.

கோழி பெரும்பாலும் காலையில் இடும், காடை பிற்பகலிலிருந்து அந்திக்குள். விளக்குப் போடும் நேரத்தில் முட்டை பொறுக்குவது என் மகளின் வேலை. ஒவ்வொரு பெட்டையும் இடும் முட்டைக்கு அதற்கே உரிய புள்ளி உண்டு; கடைசிவரை ஏறக்குறைய மாறாது. ஒன்றில் மை கொட்டினாற்போல் பெரிய திட்டு, இன்னொன்றில் மிளகைத் தூவிய மாதிரி. இரண்டு நாளாக ஒரு புள்ளி காணவில்லை என்றால் எந்தப் பெட்டைக்கோ உடம்பு சரியில்லை என்று அவளே வந்து சொல்லிவிடுவாள். உடனே ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்ப்போம்.

சித்திரை வெயிலில் சாய்ப்பின் மேல் தென்னங்கீற்றும், பக்கவாட்டில் நனைத்த சணல் சாக்கும். ஒரு தட்டு மணலில் அடுப்புச் சாம்பல் கலந்து வைத்தால் காடை மண்குளியல் போட்டுக்கொள்ளும், பேன் பிடிக்காது. கோழிகளுக்கு பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாமைத் தவறவிடுவதில்லை.

வெளியிலிருந்து வரும் பறவைதான் இப்போதும் பெரிய கவலை. சீராகவோ சந்தையிலிருந்தோ எந்தக் கோழி வந்தாலும் வீட்டு முன்பக்கம் பஞ்சாரத்தில் மூன்று வாரம் தனியாக இருந்துவிட்டுத்தான் பின்பக்கம் வர வேண்டும். புதுக் காடைக்கும் அதே கட்டு. ஆரம்பத்தில் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏங்கண்ணு, உம்பட பெரீம்மா வூட்டுக் கோழிக்கு என்ன நோவு இருக்கப் போவுது?" என்பார். அப்படி வந்த ஒரு விடைக்கோழி அந்த வாரமே பஞ்சாரத்துக்குள் முகம் வீங்கி, மூக்கொழுகி நின்றது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்து மருந்து கொடுத்தார், பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அதைப் பின்பக்கம் விடவில்லை. இப்போது புதுக்கோழி வந்தால் பஞ்சாரத்தைத் தேடி எடுத்துவருவது அம்மாதான்.